திரும்பி நிற்கும் வாத்து

ஜனவரி 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் வாண்டுகள் இரண்டும் நலம்தானே? முழங்காலைப் பற்றிக் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படியேறும்போது மட்டும் வாயைத் திறக்கிறது, மற்ற நேரத்தில் சமர்த்தாக இருக்கிறது.

போனில் பேசினால் பஸ் டிப்போ இரைச்சலில் நீ கத்துகிறாய், நான் காதில் விழாமலே "சரி சரி" என்று வைத்துவிடுகிறேன். அப்படி ஒரு சரியைப் பிடித்துக்கொண்டுதான் உன் வீட்டு மாடியில் எனக்கு அறை கட்ட ஆரம்பித்திருக்கிறாய். ஜூன் மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிட வேண்டும் என்கிறாய். இனிமேல் முக்கியமானதெல்லாம் பழையபடி கடிதத்தில்தான். ஜூனைப் பற்றி ஜூன் நெருங்கும்போது பேசலாம்.

இப்போது ஒரு உதவி. எங்கள் கம்பெனி பள்ளிக்கூடங்களுக்குச் சுவர்ப்படம் அடிப்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் 'கூட்டங்களின் பெயர்கள்' என்று ஒரு படம். பன்னிரண்டு கட்டம். சொல் என் பொறுப்பு. ஆட்டு மந்தை, எறும்புச் சாரை, வெட்டுக்கிளிப் படை வரை சுலபமாக வந்தது. பிறகு யானைக் கூட்டம், மீன் கூட்டம், வாத்துக் கூட்டம் என்று எழுதிக்கொண்டே போனேன். முதலாளி பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் கூட்டம் கூட்டம்னு போட்டா இதை எவன்மா காசு குடுத்து வாங்குவான்?" என்கிறார். மனிதர்களுக்காவது விதவிதமாக வேண்டுமாம். நாள் முழுக்க மனிதர்களை எண்ணுகிறவன் நீ, யோசித்துச் சொல்.

படம் போடப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் ஆபீஸில் அவருக்கு ரப்பர் என்று பெயர். வாத்துக் கூட்டம் வரைந்தார். எல்லா வாத்தும் இடது பக்கம் போகிறது, ஒன்று மட்டும் திரும்பி நிற்கிறது. தப்பு என்றேன். "கூட்டம்னா எல்லாரும் ஒரே பக்கம் பாக்கணும்னு யாருங்க சொன்னது?" என்கிறார். ஆட்டு மந்தையிலும் ஒன்று திரும்பி நிற்கிறது. இவரோடு எப்படிக் காலம் தள்ளுவதோ தெரியவில்லை.

குளிரில் தலையில் துண்டில்லாமல் சைக்கிள் ஓட்டாதே.

உன் அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். சின்னதுக்குப் பல் விழுந்திருக்கிறது, பெரியது அதைப் பார்த்துச் சிரித்து அடி வாங்கியது. மற்றபடி வீடு அமைதி.

நீ கேட்டது நான் நிற்கும் இடத்திலேயே கிடைத்துவிட்டது. கையில் விசிலோடு நிற்கும் டைம் கீப்பருக்குத் தெரியாத கூட்டமா? எழுதிக்கொள். பஸ் வருவதற்கு முன் நிற்பது வரிசை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் கூட்டம். கதவு திறந்ததும் கும்பல். உள்ளே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் அதே ஆட்கள் பயணிகள், வெளியே நிற்பவர்களைப் பார்த்து "என்ன ஜனங்கப்பா!" என்பார்கள். கண்டக்டர்கள் நான்கு பேர் சேர்ந்தால் அது கோஷ்டி. ஐந்தாவதாக நான் போனால் கலைந்துவிடும், அதற்கு என்ன பெயர் என்று நீயே கண்டுபிடி.

அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. ஜன்னல் டிப்போ பக்கம் வைத்திருக்கிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே பஸ் போவதும் வருவதும் தெரியும். மாமா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த வீட்டில் நீ தனியாக ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டு இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. தனிமரம் தோப்பாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தத் திரும்பி நிற்கும் வாத்து நீதான். எல்லாம் ஒரு பக்கம் கிளம்பினால் நீ மட்டும் வேறு பக்கம் பார்ப்பாய்.

ரப்பரை மன்னித்துவிடு. அழிக்கத் தெரிந்தவன் ஆபத்தில்லாதவன்.

மருந்தை மறக்காமல் தடவு.

சுண்டு

பிப்ரவரி 22

அன்புள்ள சுண்டு,

உங்கள் எல்லோரின் நலமறிந்து மகிழ்ச்சி. விழுந்த பல்லை வீட்டில் யாரும் மிதித்துவிடவில்லையே? என் முழங்கால் பரவாயில்லை. இப்போது மாலையில் கொஞ்சம் நடக்கிறேன்.

உன் 'கும்பல்' ஆபீஸில் பெரிய வெற்றி. ஆனால் சிறுவர் படத்தில் கும்பலைப் போட முதலாளி பயப்படுகிறார். "பிள்ளைங்க வீட்டுல போய் எங்கப்பா கும்பல்ல ஒருத்தர்னு சொல்லும்" என்கிறார். வரிசையை எடுத்துக்கொண்டார். குழந்தைப் பட்டாளம், இசைக் குழு, வானரப் படை எல்லாம் ஏறிவிட்டன.

நீ எழுதிய தனிமரப் பழமொழியைச் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன், ஒரு விவாதமே நடந்தது. ஒரு மரம் தோப்பாகாது, சரி. இரண்டு மரம் இருந்தால்? இரண்டு ஆட்டை மந்தை என்று சொல்ல முடியுமா? நான் முடியாது என்றேன். "மேய்க்கிறவனைக் கேட்டுப் பாருங்க. ஒண்ணு காணாமப் போனா ரெண்டுமே மந்தைதான்" என்றார் ரப்பர். பிறகு தான் சொன்னதற்குத் தானே வெட்கப்பட்டுப் பென்சில் சீவ ஆரம்பித்துவிட்டார்.

வாத்து நடப்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஏரிக்கரைக்குப் போனது நல்ல பொழுது. உண்மையாகவே ஒரு வாத்து திரும்பித்தான் நின்றது! வீட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் மாடிக்கு ஓடித் துணிகளை எடுப்பதற்குள் எல்லாம் நனைந்துவிட்டன. இரண்டு நாளாக வீடெல்லாம் ஈர வாசனை, ஆனாலும் சிரிப்பாக இருக்கிறது.

பெரியதிடம் சொல், அடுத்தவர் பல்லைப் பார்த்துச் சிரித்தால் தன் பல்லும் ஆடும் என்று.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

சுகம். உன் சொல் பலித்தது, பெரியதுக்கும் பல் ஆடுகிறது. வீட்டில் உன்னை மந்திரவாதி என்று பேசிக்கொள்கிறார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுவருக்கு என்ன வண்ணம்? நான் இளம்பச்சை என்கிறேன், இவள் சந்தன நிறம் என்கிறாள். உன் இரும்பு பீரோவைக் கொண்டுவருகிறாயா, அங்கேயே விற்றுவிடலாமா? தச்சரிடம் ஒற்றைக் கட்டில் சொல்லியிருக்கிறேன். நல்ல மரம், உன் காலத்துக்கும் தாங்கும் என்றார். அவர் அளவு எடுக்க வந்தபோது உன் உயரம் கேட்டார். நான் உன் தோள்வரை வருவேன் என்று சொல்லிப் பிறகுதான் யோசித்தேன், அது நான் பள்ளிக்கூடம் போனபோது உள்ள கணக்கு.

போன கடிதத்தில் நான் கேட்ட எதற்கும் நீ பதில் எழுதவில்லை, கவனித்தாயா? வாத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறாய், ஜூனுக்கு ஒரு வரி கிடையாது.

டைம் கீப்பருக்கு நேரம் முக்கியம்.

சுண்டு

மார்ச் 21

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. எல்லோரும் நலம், உங்கள் நலத்துக்கு ஆசைப்படுகிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி இவருக்குச் சொல்லவில்லை.

நான் தையல்காரி. நூறு தையலில் ஒன்று இழுத்திருந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை இவர் சத்தமாக வாசித்தார். வாத்தைக் கேட்டுச் சிரித்தார், மழையைக் கேட்டுச் சிரித்தார். நான் அடுப்படியில் நின்றுவிட்டேன். "நாங்கள் மாடிக்கு ஓடி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏரிக்குப் போனது ஆபீஸ் வேலை, அது புரிகிறது. உங்கள் வீட்டுக் கொடியிலிருந்து உங்கள் துணியை எடுக்க ஓடியது எப்படி அக்கா 'நாங்கள்' ஆனது? மூன்று வருடமாக உங்கள் பேச்சிலும் கடிதத்திலும் 'நான்' மட்டும்தான்.

யார் என்று கேட்கமாட்டேன். நீங்கள் சிரிப்பாக இருக்கிறது என்று எழுதினீர்களே, அதற்கே எனக்குக் கண் கலங்கியது. ஒன்று மட்டும் சொல்லுங்கள், தச்சர் பலகை அறுக்கப்போகிறார். கட்டில் ஒற்றையா, இரட்டையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 11

அன்புள்ள சுண்டு,

நீங்கள் நால்வரும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம். இவ்வளவு நலமாக இருந்து வெகுநாள் ஆயிற்று, அதனால்தான் எழுதுவதற்கு இவ்வளவு தாமதம்.

நான் ஜூனில் வரவில்லை. அறை கட்டும் உன் கையை நினைத்துக்கொண்டு எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். ரப்பர் என்று உனக்கு எழுதி வந்தேனே, அவரும் நானும் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்திருக்கிறோம். பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொள்வோம், மேளம் தாளம் ஒன்றும் இல்லை. அவர் மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார், எப்போதும் தப்பானதைத்தான் மாட்டுவார். சமையல் தெரியாது, பாத்திரம் கழுவத் தெரியும்.

முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்று உன் மாமா படத்தின் முன்னால் நின்றார். சட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதை நேராக்கினார். தன் கைக்குட்டையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். அன்றுதான் என் மனது சம்மதித்தது.

உனக்கு உன் மாமா என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் பழக்கிவிட்டவர், உன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர். அவர் இடத்தில் யாரையும் வைக்கவில்லை சுண்டு. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதே சமயம் உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

உன் மனைவிக்கு என் முத்தம். கட்டிலைப் பற்றி நீயே முடிவு செய்.

அக்கா

மே 17

அன்புள்ள சுண்டு,

நலமா? வாண்டுகளின் பல் முளைத்துவிட்டதா?

படத்தில் பதினோரு கட்டம் நிறைந்துவிட்டது. கடைசிக் கட்டத்துக்குச் சொல் அகப்படவில்லை, முதலாளி தினமும் மேஜைக்கு வந்து நிற்கிறார். 'குடும்பம்' போடச் சொல்கிறார். கை வரவில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது.

அக்கா

மே 29

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இவர் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும், சட்டையைக் கழற்றி மூலையில் எறிவார். இப்போது மடித்து வைக்கிறார், அதுதான் உதைக்கிறது. காலையில் தேநீரை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கட்டில் இல்லாத அறையில் உட்கார்ந்துகொள்கிறார். தச்சரை நிறுத்தி வைத்திருக்கிறார். நேற்று நானே கேட்டேன். "உங்களுக்கு அவர் வேணாமா?" என்றேன். "அவரை எனக்குத் தெரியவே தெரியாது, வேணும் வேணாம்னு எப்படிச் சொல்ல?" என்றார். சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அவரை நான் என்னன்னு கூப்பிடுறது?" என்று கேட்டார்.

ஆறட்டும் அக்கா. சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை கேட்காததற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நீ இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தம் என்று நினைத்துவிட்டாய். இல்லை. கடிதம் வந்த அன்று இரண்டு டிரைவர்களுக்கு நானாகவே டீ வாங்கிக் கொடுத்தேன், டிப்போவில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழைய கடிதங்களை எடுத்துப் படித்தபோதுதான் அந்த 'நாங்கள்' என் கண்ணில் பட்டது. அங்கே தைத்துவிட்டது.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "இந்தப் புள்ளைங்க இனி என்ன பண்ணும்?" என்று பேசினார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம பாத்துக்குவோம்டா" என்றாய். கல்யாணமான பிறகும் உன் கடிதத்தில் நாம்தான். 'நாம் மூவரும்' என்று மாமாவையும் அதற்குள் இழுத்துப்போட்டாய். இப்போது நாங்கள் என்கிறாய். இலக்கணப்படி சரிதான், தப்பே இல்லை. ஆனால் பஸ் உள்ளே ஏறியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கீழே நிற்கிறவனைப் பார்த்துப் பேசுவது போல் இருந்தது. இத்தனை வருடம் விசில் ஊதிப் பஸ்ஸை அனுப்பியிருக்கிறேன், ஒருநாளும் இப்படித் தோன்றியதில்லை.

இதை எழுதிய பிறகு கொஞ்சம் இலேசாக இருக்கிறது. அவருக்கு என் வணக்கம். என்ன முறை சொல்லி என்று தெரியாததால் வெறும் வணக்கம்.

சுண்டு

ஜூலை 18

என் கண்ணான சுண்டுவுக்கு,

முழங்கால் நன்றாக இருக்கிறது, நீ கேட்டதும் இன்னும் நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். 'நாங்கள்' வந்த இடத்தை இரண்டு முறை வாசித்தேன். மழையில் துணி எடுத்த அவசரத்தில் எழுதியது, அந்தச் சொல் உன்னை வெளியே நிறுத்தும் என்று நீ சொன்ன பிறகுதான் தெரிகிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க தம்பி எப்படி இருப்பாரு? சொல்லுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன், பென்சிலை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல வரைந்தார், அழித்தார், வரைந்தார்.

படம் அச்சாகிவிட்டது. சுருட்டிக் குழாயில் வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். வாண்டுகளை விட்டுப் பிரிக்கச் சொல். கடைசிக் கட்டத்தைப் பார். ஒரு பஸ் நிறுத்தம். எல்லோரும் வரப்போகும் பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஆள் மட்டும், கையில் விசிலோடு, நம்மைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். அவர் உன்னைப் பார்த்ததில்லை, காது கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

கீழே நான் எழுதிய சொல் 'நாம்'. முதலாளி குதித்தார். "ஏம்மா, இது கூட்டத்துக்குப் பேரா? இது வேற இலக்கணமாச்சே!" என்றார். அச்சு மெஷின் காத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். நீ சொன்ன தோப்பை நான் விட்டுவிட்டு வரவில்லையடா. கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறேன்.

கூப்பிட்டால் அடுத்த மாதம் பத்து நாள் வருகிறோம்.

அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். இந்த நாங்களை அக்காவிடம் காட்டுங்கள், பழிக்குப் பழி.

உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். ஓவியர் சார் என்றால் ஆபீஸ் மாதிரி இருக்கிறது. அவர் என்றால் என் மனைவி என்னைச் சொல்வது போல் இருக்கிறது. ரப்பர் என்று கூப்பிட ஆசைதான், அக்கா அடிப்பாள். மாமா என்ற சொல் ஒருவருடையது, அதை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன். என் மனைவிதான் கேட்டாள். "ரெண்டு சித்தப்பா இருந்தா ரெண்டு பேரையும் சித்தப்பான்னுதானே கூப்பிடுறோம்? ஒருத்தரைக் கூப்பிட்டா இன்னொருத்தர் இல்லாமப் போயிடுவாரா?" போய்விட்ட மாமாவின் படத்தை நேராக்கித் துடைத்த உங்கள் கைக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பதில் அவருக்கும் வருத்தம் இருக்காது.

சுவர்ப்படம் மேலே அந்த அறையில் ஒட்டியிருக்கிறது. காதைப் பற்றி: பெரிதாக இல்லை, அளவு சரி. வீட்டில் ஒருமனதாகச் சொல்கிறார்கள். சின்னது படத்தைத் தொட்டு, "அப்பா ஏன் எல்லாரையும் போல பஸ்ஸைப் பாக்கலை?" என்று கேட்டாள். "அத்தை வர்றாங்களான்னு பாக்குறேன்" என்றேன்.

தச்சர் வந்து போனார். ஒற்றைக்கு அறுத்த பலகையை வீணாக்காமல் பக்கத்தில் இன்னொன்று சேர்த்து அகலமாக்கிவிட்டார். நடுவில் ஒட்டுப்போட்ட கோடு தெரியும், மன்னிக்கவும். ஆனால் ஆடாது, நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். பத்து நாள் முடிந்தால் திரும்பிப் போங்கள், மறுபடி வாருங்கள். அறை உங்கள் இருவருக்கும்தான், எப்போதும். நாம் எல்லோரும் ஒருநாள் சேர்ந்து ஏரிக்கும் போகலாம், இங்கேயும் வாத்து இருக்கிறது.

காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குங்கள். அடையாளம் கேட்க வேண்டியதில்லை. நிறுத்தத்தில் எல்லோரும் புறப்படும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தன் மட்டும் நீங்கள் வரும் பக்கம் திரும்பி நிற்பான்.

உங்கள் மச்சான்
சுண்டு